கூட்டக்காவின் விலகல் காலம்

அவளுக்கு ஊரார் வைத்த பெயர் கூட்டக்கா. எப்போது வந்தாலும் கூட்டம் போடுவாள், அதனால். மாட்டுக்கு மூக்கு ஒழுகினால் கூட்டம், மழை வலுத்தால் கூட்டம், போன கூட்டத்துக்கு ஏன் பாதிப் பேர் வரவில்லை என்று விசாரிக்க இன்னொரு கூட்டம். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொன்னார்கள். ஒருநாள் மைக்கைப் பிடித்தவர் வாய் தவறி, "அடுத்ததா நம்ம கூட்டக்கா பேசுவாங்க" என்றுவிட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவள் எழுந்து போய், "கூட்டக்கா பேசறேன்" என்று ஆரம்பித்து, முக்கால் மணி நேரம் விடாமல் பேசிப் பழிதீர்த்துக்கொண்டாள். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. பிறந்தபோது வைத்த பெயரை இப்போது ஆபீஸ் வருகைப் பதிவேடு மட்டும்தான் சுமந்துகொண்டிருக்கிறது.

உத்தியோகம் விரிவாக்கப் பணியாளர். அப்படியென்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அவள் பொறுமையாக விளக்குவாள்: நிபுணர்கள் கண்டுபிடிப்பதை ஊருக்குக் கொண்டுபோவது, ஊர் படுகிற பாட்டை நிபுணர்களிடம் கொண்டுவருவது. அவளுடைய கணவர் பஸ் கண்டக்டர். அவர் இதையே ஒரு டிக்கெட்டில் அடங்குகிற மாதிரி சொல்வார்: "ரெண்டு பக்கமும் திட்டு வாங்கற வேலை."

இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலைதான். கோழிக்குஞ்சுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறாள். குஞ்சுகள் அவள் புடவையில் செய்ய வேண்டியதைச் செய்திருக்கின்றன. மண் பரிசோதனைக்கு அள்ளி வந்த மண், மழையில் நனைந்து வழியிலேயே சேறாகியிருக்கிறது. புது அதிகாரி வரும்போதெல்லாம் புது வார்த்தை வரும். ஒருவர் காலத்தில் ஊர்க்காரர்கள் பயனாளிகள். அடுத்தவர் வந்து, பயனாளி என்று சொல்லக் கூடாது, பங்கேற்பாளர் என்று சொல்ல வேண்டும் என்றார். அவருக்கு அடுத்தவர் பங்குதாரர் என்றார். ஆட்கள் அதே ஆட்கள்தான். அவள் காலில் கிடந்த செருப்பும் அதே செருப்புதான், வார் மட்டும் மூன்று முறை மாறியிருந்தது.

அப்படியே ஓய்வு வரை ஓட்டியிருப்பாள். ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன்னால் துறையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. முதுகலைப் பட்டம் இல்லாத தற்காலிகப் பணியாளர்களுக்கு அடுத்த மறுசீரமைப்பில் இடம் கிடையாது. இத்தனை வருஷமாகத் தற்காலிகமாக இருப்பது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போய், 'ஊரக சமூகத் திறன் மேம்பாடும் விரிவாக்கமும்' என்று மூச்சு வாங்கும் பெயர் கொண்ட ஒரு படிப்பில் சேர்ந்தாள். வார இறுதியில் வகுப்பு. ஐந்து வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் பதிவு காலாவதி.

வகுப்பில் மற்றவர்களெல்லாம் மீசை சரியாக முளைக்காத பையன்களும், கையில் போனோடு பிறந்த பெண்களும். முதல் நாள் "ஆன்ட்டி, இது எங்க கிளாஸ்" என்று வழிமறித்தார்கள். இரண்டாவது மாதம் "ஆன்ட்டி, ஊர்ல நடந்த கதை ஏதாவது சொல்லுங்க, அசைன்மென்ட்ல போட்டுக்கறோம்" என்று சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் சொன்ன கதைகளுக்கு அவர்கள் எல்லோரும் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். அதே கதைகளை எழுதிய அவளுக்கு, 'மேற்கோள் இல்லை' என்று குறைத்துவிட்டார்கள்.

முதல் தேர்வன்று கேள்வித்தாள் வருவதற்குள் பெஞ்சில் தலையைச் சாய்த்தவள் தூங்கியே போனாள். கண்காணிப்பாளர் வந்து தட்டி, "அம்மா, பொண்ணுக்காக வெயிட் பண்றீங்களா? வெளிய நிழல்ல உக்காருங்க" என்றார். அவள் எழுந்து வாசல் வரை போய்விட்டாள். அப்புறம்தான் தேர்வு எழுத வந்ததே தான்தான் என்று ஞாபகம் வந்தது.

வீட்டில் ஒரே ஒரு மேஜை. ஒரு பக்கம் அவள், எதிர்ப்பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். இருவர் கால்களும் கீழே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

"திறன் மேம்பாடுன்னா என்னம்மா?" மகள் ஒருநாள் கேட்டாள்.

"நான் இல்லாமலே அவங்க வேலைய அவங்களே பாத்துக்கணும். அதான்."

"அதுக்கு எதுக்கு ஊர் ஊரா போற? நம்ம வீட்டுலயே ஆரம்பி. அப்பாவுக்கு உப்பு டப்பா எதுன்னே தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்று உள்ளேயிருந்து கண்டக்டரின் குரல் வந்தது. "பச்ச மூடி."

"அது சோடா உப்புப்பா."

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது கடைசி பஸ் நிறுத்தத்தில் இருக்கும் ஊரின் மாடு வளர்ப்போர் குழு. துறை அவர்களுக்கு ஒரு தீவனம் வெட்டும் மெஷின் கொடுத்திருந்தது. அதற்கு முன் ஆளுக்கு ஆள் அரிவாளோடு உட்கார்ந்து, விரல் மரத்துப்போகும் வரை சோளத்தட்டை வெட்டினார்கள். மெஷின் வந்ததும் வெட்டுகிற நேரம் மிச்சமாயிற்று. மிச்சமான நேரத்தில், யார் முறை முதலில் என்று சண்டை போட்டார்கள்.

சண்டையைத் தீர்க்க கூட்டக்கா வாரத்தில் மூன்று நாள் போவாள். முதல் பஸ்ஸில் இறங்கி கொட்டகையைத் திறப்பாள். முறை வைப்பாள், பெல்ட் நழுவினால் மாட்டுவாள், பிளேடு மழுங்கினால் கொல்லரைக் கூப்பிடுவாள், மாலையில் பூட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்புவாள். குழு அருமையாக நடந்தது. இதை அப்படியே எழுதி வழிகாட்டிப் பேராசிரியரிடம் கொடுத்தாள்.

அவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "குழு நடக்கல. நீங்க நடக்கறீங்க. நீங்க போகாட்டி என்ன ஆகும்?"

"போகாம எப்படி சார்?"

"அதான் கேள்வி. மூணு மாசம் போகாதீங்க. போன் கூட பேசாதீங்க. எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டு விலகிடுங்க. அப்புறம் நானும் வரேன், போய்ப் பாப்போம். மெஷின் ஓடிச்சுன்னா உங்க ஆய்வு தேறுது. ஓடலைன்னா..." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐந்தாவது வருஷத்தின் கடைசிப் பருவம் அது.

விலகும் நாளன்று கூட்டம் போட்டாள், வேறென்ன. மெஷினுக்கான உத்தரவாதச் சீட்டு, மாற்று பெல்ட், எண்ணெய்க் குப்பி, முறை அட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். "இன்னையிலேர்ந்து நான் வரமாட்டேன். என்ன ஆனாலும் என்னக் கூப்பிடாதீங்க. எங்கிட்ட ஆள் அனுப்பாதீங்க. உங்களால முடியும்" என்றாள்.

குழுவின் செயலாளர் ஒரு வாயாடி அம்மாள். ஊரில் அவர் பெயர் ரேடியோ. கூட்டக்காவைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அன்று ரேடியோவே வாயடைத்துப்போய், மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டக்காவும் கண் கலங்கியபடியே கொட்டகையைச் சாத்தி, பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள்.

அந்த ஊருக்குப் போகாத மூன்று மாதம், போன இருபது வருஷத்தைவிட அவளை அலுக்க வைத்தது. வேறு ஊர்களுக்குப் போனாள், வேறு கூட்டங்கள் போட்டாள். ஆனால் மனசு அந்தக் கொட்டகை வாசலில் குந்திக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. பஸ் நிலையத்தில் அந்த ஊர்ப் பலகை மாட்டிய வண்டியைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஊர்க்காரர்கள் யாராவது பார்த்துப் பேசிவிட்டால் ஆய்வு கெட்டுவிடும் அல்லவா. நாற்பத்துநாலு வயதில், கடன்காரனைக் கண்டு ஒளிகிறவள் மாதிரி. ஆய்வேட்டை பஸ்ஸில் பாதி எழுதினாள், அடுப்படியில் பாதி எழுதினாள். சில பக்கங்களில் எழுத்து ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கியிருந்தது.

பேராசிரியர் ஊருக்கு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம். கூட்டக்காவின் தோள்பை வார் அறுந்து தொங்கியது. பெரிய மனிதரோடு போகும்போது இதையா மாட்டிக்கொண்டு போவது என்று, மகளின் பழைய ஸ்கூல் பையை எடுத்து, மேஜைமேல் தன் பையைக் கவிழ்த்தாள். சீப்பு, தலைவலி மாத்திரை, காய்ந்துபோன பேனாக்கள், என்றைக்கோ வாங்கிய பஸ் டிக்கெட்டுகள். கடைசியாக, உள்துணி கிழிசலுக்குள்ளிருந்து, பச்சை ரிப்பன் கட்டிய சாவி ஒன்று 'ணங்' என்று விழுந்தது.

கூட்டக்கா அதைப் பார்த்தாள். மகள் பார்த்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்ன சாவிம்மா?"

கூட்டக்கா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் ஒப்படைத்தாயிற்று, ஊரே அழுதாயிற்று. அதன்பிறகு கை தன் பழக்கத்துக்குக் கொட்டகையைப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டிருக்கிறது. 'உங்களால் முடியும்' என்று சொல்லிவிட்டு, மெஷினை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இன்னொரு சாவி இருக்குமே?" என்றார் கண்டக்டர்.

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"என் ஆபீஸ் டிராயர்ல இருக்கு. பத்திரமா."

கண்டக்டர் சட்டையை மடிப்பதை நிறுத்தினார். "சரி, போன் போட்டுக் கேளேன்."

"கூடாதுங்க. நாளைக்கு வரைக்கும் விலகல் காலம்."

"பூட்ட ஒடச்சிருப்பாங்கம்மா" என்றாள் மகள், ஆறுதலாக.

"ஒடச்சிருக்கணுமே" என்று கூட்டக்கா இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள். "யாராவது ஒருத்தர் ஒடச்சிருந்தா போதும்."

"கவர்மென்ட் பூட்ட ஒடைக்கணும்னு வேண்டிக்கற மொத ஆள் நீதாம்மா" என்றார் கண்டக்டர். அவள் சிரிக்கவில்லை. அவர் உடனே எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். பச்சை மூடியைத் திறக்கவில்லை என்பதை மகள் மோந்து பார்த்து உறுதி செய்தாள்.

மகளிடம் ஒரு யோசனை இருந்தது. "நான் சொல்றபடி செய்யி. அந்த சார் குனியற நேரம் பாத்து, கதவு நிலைக்கு மேல சாவிய வச்சிடு. 'அடப்பாவிங்களா, இங்கதானே வச்சிட்டுப் போனேன், மேல பாக்கவே இல்லையா'ன்னு அவங்களயே ரெண்டு சத்தம் போடு. முடிஞ்சுது."

கூட்டக்கா மகளை நிமிர்ந்து பார்த்தாள். திட்ட வேண்டும் என்று தோன்றியது. அதைவிட அதிகமாக, செய்தால் என்ன என்றும் தோன்றியது.

மறுநாள் காலை பேராசிரியரும் அவளும் பஸ் ஏறினார்கள். அவருக்கு முட்டி வலி. குடையை ஊன்றிக்கொண்டுதான் படியேறினார். வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் பக்கத்திலிருந்து குறட்டை வந்தது. ஒருமுறை அவர் கண் திறந்தபோது, "சார், ஒரு விஷயம்..." என்றாள். "ஊர் வந்துடுச்சா?" என்றார். "இல்ல சார்." "அப்ப சரி" என்று மறுபடி தூங்கிவிட்டார். சாவி அவள் உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருந்தது.

கொட்டகைக் கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. உடைக்கவில்லை, கீறல்கூட இல்லை. பூட்டுக்கும் கொண்டிக்கும் நடுவில் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. கூட்டக்காவுக்குத் தன் ஐந்து வருஷப் படிப்பும் அந்த வலையில் சிக்கித் தொங்குவதுபோல் இருந்தது.

ஊர் கூடிவிட்டது. எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு. பரீட்சை முடிந்து, எல்லா விடையும் சரி என்று தெரிந்தவர்களின் சிரிப்பு. ரேடியோ புதுப்புடவை கட்டியிருந்தார்.

பேராசிரியர் குடையை ஊன்றி நின்றார். "மெஷின் ஓடுதாம்மா?"

"ஓடுது சார். மழைலயும் ஓடுச்சு, வெயில்லயும் ஓடுச்சு."

"பூட்டியிருக்கே?"

"ஆமா சார். பூட்டியிருக்கு."

"அப்புறம் எப்படி ஓடுது?"

ரேடியோ கூட்டக்காவைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "காட்டிடட்டுமா அக்கா?"

கொல்லர் முன்னால் வந்தார். இடுப்பிலிருந்து ஒரு குறட்டை எடுத்து, கதவின் மறுபக்கம், கீல்களில் இருந்த ஆணிகளை மேலும் கீழுமாக உருவினார். இரண்டு பெண்கள் கதவின் விளிம்பைப் பிடித்து, "தூக்கு... விடு" என்று ஒரே மூச்சில் நகர்த்தினார்கள். கதவு பூட்டிலேயே தொங்கிக்கொண்டு பின்பக்கமாகத் திறந்தது. சிலந்தி வலை லேசாக ஆடியது, அறுந்துவிடவில்லை. நன்றாகப் பழகிய கைகள்.

உள்ளே தரை கூட்டியிருந்தது. மெஷினில் எண்ணெய் மினுங்கியது. முறை அட்டையில் அவள் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதியிருந்தார்கள். கன்று ஈன்ற மாடு வைத்திருப்பவருக்கு முதல் முறை என்று. அவளுக்கு அது தோன்றவே இல்லை.

பேராசிரியர் முட்டி வலியை மறந்து உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தார். "சாவி எங்க?"

"அக்காகிட்ட."

"கேக்கலாமே?"

"கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே சார்! ஆள் அனுப்பாதீங்க, என்ன ஆனாலும் நீங்களே பாத்துக்கோங்கன்னு. சொல்லிட்டு, எங்க கண்ணு முன்னாலயே பூட்டி, சாவிய எடுத்துப் பையில போட்டுட்டு, அழுதுக்கிட்டே போனாங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு, இது பரீட்சைன்னு. பூட்டு அவங்களோடது, அத ஒடைக்கக் கூடாது. மெஷின் எங்களோடது, அது நிக்கக் கூடாது. கொல்லர் அண்ணன் மூணு நாள் தலையச் சொறிஞ்சாரு. நாலாவது நாள் கீலப் பாத்தாரு."

பேராசிரியர் திரும்பி கூட்டக்காவைப் பார்த்தார். பல வருஷமாக ஆய்வேடுகளைத் திருத்திக் களைத்துப்போன அந்த முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. "வேணும்னேதான் சாவிய வச்சுக்கிட்டீங்களா? ஒப்படைப்புல ஒண்ண மட்டும் பிடிச்சு வச்சு, குழு என்ன பண்ணுதுன்னு பாக்கறது... நல்ல உத்திங்க. ஆய்வேட்டுல இத எழுதவே இல்லையே? ஒரு அத்தியாயம் எழுதுங்க. பருவம் முடியறதுக்குள்ள நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

கூட்டக்காவின் வாய் வரை 'ஆமாம்' வந்துவிட்டது. அவள் பொய்க்குப் பழகியவள் இல்லை. ஆனால் அன்று அது பொய்யாகவே தெரியவில்லை, தலையணையாகத் தெரிந்தது. ஒரு தலையசைப்பு போதும். பட்டம் வரும், வேலை நிலைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கலாம். ஐந்து வருஷத் தூக்கம் பாக்கி இருந்தது.

அப்போதுதான் கொட்டகைக்கு எதிரே, வேலி ஓரமாக ஒருத்தி குந்தியிருப்பதைப் பார்த்தாள். மடியில் அரிவாள், பக்கத்தில் தட்டைக் கட்டு. கையாலேயே வெட்டிக்கொண்டிருந்தாள். கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது. குழுவிலேயே கணக்காகப் பேசுகிறவள், எல்லோரும் கறார் என்று கூப்பிடும் பெண்.

"கறாரு ஏன் அங்க உக்காந்திருக்கா?"

ரேடியோவின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "அவ இப்ப குழுவுல இல்லக்கா."

"ஏன்?"

"அத விடுங்க."

"என்னன்னு சொல்லுங்க."

"மொத வாரமே ஆரம்பிச்சா. பரீட்சையும் இல்ல, மண்ணும் இல்ல, அக்கா மறந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க, ஆபீசுக்கு ஆள் அனுப்புங்கன்னு. எங்களுக்கெல்லாம் கோவம் வந்துடுச்சு. அக்காவப் போயி மறதிக்காரின்னு சொல்றியான்னு ஆளாளுக்குக் கத்திட்டோம். நானும் நாலு வார்த்த அதிகமா சொல்லிட்டேன். ரோஷக்காரி, போயிட்டா. அன்னையிலேர்ந்து அரிவாள்தான்."

பேராசிரியர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "சொல்லுங்க. வேணும்னேதானே?"

கறார் இந்தப் பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அரிவாள் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

"இல்ல சார்" என்றாள் கூட்டக்கா. "மறந்துட்டேன்."

"சும்மா சொல்லாதீங்கக்கா" என்றார் ரேடியோ.

"நிஜமாத்தான். நேத்து சாயங்காலம்தான் பைக்குள்ள பாத்தேன். பூட்டறது கைப்பழக்கம். பூட்டினதே எனக்குத் தெரியாது."

முதலில் கொல்லர்தான் சிரித்தார். குறட்டைத் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கதவு தூக்கிய பெண்களில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மூணு மாசம்! மூணு மாசமா இந்தக் கதவத் தூக்கறேன்! என் புருஷன் எண்ணெய் தேச்சு விட்டே ஓஞ்சு போயிட்டான்" என்றாள். அவளும் சிரித்தாள். ரேடியோ மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, புதுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அப்ப நாங்க என்ன, கேனைங்களா? ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன், எங்க அக்கா எங்களுக்குன்னே தனியா பரீட்சை வச்சாங்கன்னு."

"நீங்க பாஸாயிட்டீங்க. நான்தான் பெயில்."

"பேச்சு மாத்தாதீங்க. அவள என்னெல்லாம் சொல்லிட்டேன் தெரியுமா?" ரேடியோவின் குரல் உடைந்தது. எதிரே பார்க்காமல் கொட்டகைக்குள் போய், ஏற்கெனவே கூட்டிய தரையை மறுபடி கூட்டத் தொடங்கினார்.

கூட்டக்கா வேலிப்பக்கம் போய் நின்றாள். "நீ சொன்னதுதான் சரிம்மா. நான் மறந்துதான் போனேன்."

"தெரியும்" என்றாள் கறார், அரிவாளை நிறுத்தாமல். "போன மழைக்கு எங்க வீட்ல குடைய விட்டுட்டுப் போனீங்க. அதுக்கு முன்னாடி கண்ணாடிக் கூடு. உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"கை என்னாச்சு?"

"வெட்டிக்கிச்சு. ஆறிடும்."

"குழுவுக்குத் திரும்பி வாயேன்."

"நீங்க கூப்பிட்டா வரமாட்டேன். கத்தினது நீங்களா? கத்தினவங்க கூப்பிடட்டும்."

அவரவர் சிக்கலை அவரவரே தீர்க்க வேண்டும் என்று முதுகலை வகுப்புகளில் மணிக்கணக்காகக் கேட்டதுதான் இது. அப்போதெல்லாம் கொட்டாவி வந்தது, இப்போது வரவில்லை. அவள் மெதுவாகத் திரும்பி வந்தாள்.

பேராசிரியர் பேனாவை மூடியிருந்தார். "ஒப்படைப்பு முழுசா நடக்கலைன்னா விலகல் காலம் ஆரம்பிக்கவே இல்லைன்னு அர்த்தம். விதி அப்படித்தான்."

"தெரியும் சார். நானே எழுதியிருக்கேன், ரெண்டாவது அத்தியாயத்துல."

"சாவியக் குடுத்துட்டு மறுபடி மூணு மாசம். அதுக்குள்ள உங்க பதிவு முடிஞ்சிடும். நீட்டிப்பு கேட்டு நான் எழுதறேன். பல்கலைக்கழகத்துல அதுக்குன்னு ஒரு குழு இருக்கு, அவங்க முடிவு. கிடைக்கும்னு சொல்லமாட்டேன்."

"சரிங்க சார்."

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

"நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன் சார்" என்றாள் அவள்.

கூட்டக்கா சாவியை நீட்டினால், வாங்க ஒரு கையும் முன்வரவில்லை. கொல்லர், எனக்கு வேண்டாம், பூட்டையே கழற்றிப் போடு என்றார். பூட்டில்லாவிட்டால் பெல்ட் காணாமல் போகும் என்றார்கள் மற்றவர்கள். ஆளுக்கு ஒரு வாரம் என்றார் ஒருவர். வாரத்துக்கு ஒருத்தி தொலைத்துவிட்டு வந்து நிற்பாள் என்றார் இன்னொருவர். குரல் ஏறியது. கூட்டக்காவின் வாய் தானாகவே, "சரி, எல்லாரும் உக்காருங்க, ஒரு சின்ன கூட்டம்..." என்று ஆரம்பித்தது.

ரேடியோ துடைப்பத்தோடு வெளியே வந்தார். சாவியை அவள் கையிலிருந்து வெடுக்கென்று பறித்து, மெஷின் மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். "கிளம்புங்கக்கா. ஒப்படைச்சாச்சு இல்ல? விலகல் ஆரம்பிச்சாச்சு. இனிமே நீங்க இங்க நிக்கக் கூடாது."

"கோவமா?"

"கோவந்தான். அதுக்காக உங்க படிப்பக் கெடுத்துடுவோமா? போங்க. பையப் பாத்துக்கங்க, எங்க ஊரு சாமான் வேற ஏதாவது உள்ள இருக்கப்போவுது."

பஸ் நிறுத்தம் சாலையின் மறுபக்கம். ஒரு சிமெண்ட் பெஞ்ச், பாதி கூரை. பேராசிரியரும் அவளும் உட்கார்ந்தார்கள். கொட்டகையில் சண்டை முற்றிக்கொண்டிருந்தது. வார்த்தைகள் முழுசாகக் கேட்கவில்லை, ஆனால் குரல்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இப்போது கொல்லர் விட்டுக்கொடுக்கிறார், இப்போது இடுப்பு வலிக்காரி பழசைக் கிளறுகிறாள், இந்த இடத்தில் உள்ளே நுழைந்து ஒரு வார்த்தை சொன்னால் அடங்கிவிடும். அவள் எழுந்தாள். பேராசிரியர் குடையை நீட்டி அவள் முன்னால் குறுக்கே பிடித்தார், பரீட்சை ஹாலில் மணி அடித்த பிறகு பேப்பரைப் பிடுங்குகிறவர் மாதிரி.

"உக்காருங்கம்மா."

உட்கார்ந்தாள். முட்டிக்குக் கீழே வலித்தது. வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்ல வேண்டும், கண்டக்டரிடம் சொல்ல வேண்டும். வேலை இருக்குமா என்று அவர்கள் கேட்க மாட்டார்கள், அதுதான் கஷ்டம். கேட்காமல் டீ போட்டுத் தருவார்கள். நீட்டிப்புக் கடிதத்துக்கு என்ன காரணம் எழுதுவது? 'மறதி' என்று எழுதினால் பல்கலைக்கழகக் குழுவில் இருப்பவர்கள் சிரிப்பார்களா, இல்லை, சிரிக்கவும் அலுப்பாக இருக்குமா அவர்களுக்கும்?

கொட்டகைச் சத்தம் திடீரென்று நின்றது. ரேடியோ வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து நின்றார். வேலிப்பக்கம் பார்த்துக் கத்தினார். அந்தக் குரல் சாலையைத் தாண்டி வயல் வரை போனது.

"ஏய் கறாரு! அங்கேயே உக்காந்து விரல வெட்டிக்கிட்டு இருந்தா எப்படி? இங்க ஒரு முடிவுக்கும் வர முடியல. வந்து நீயும் ரெண்டு கத்து கத்திட்டுப் போ!"

அரிவாள் நின்றது.

கூட்டக்கா கழுத்தை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து பஸ் புழுதியோடு வந்து, கொட்டகையையும் வேலியையும் மறைத்துக்கொண்டு நின்றது. பேராசிரியர் முதலில் ஏறினார், முட்டியைத் தூக்கித் தூக்கி. அவள் பின்னால் ஏறி மறுபக்கத்து ஜன்னலுக்கு ஓடினாள். அங்கே சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அதன் மேல் எக்கிப் பார்ப்பதற்குள் வண்டி வளைவில் திரும்பிவிட்டது.

கறார் எழுந்தாளா, என்ன பதில் சொன்னாள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இன்னும் மூன்று மாதம் ஆகும்.